சொன்ன நேரத்தில் உண்மை

2020 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. நாங்கள் ஷட்டரை ஏற்றும் முன்பே வாசலில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். முந்தைய நாள் மாலைதான் யெஸ் வங்கியை ரிசர்வ் வங்கி தடைக்காலத்தின்கீழ் கொண்டுவந்து, 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்திருந்தது. எங்களுடையது வேறு வங்கி என்றாலும், தனியார் வங்கி என்பதே அன்று கூட்டம் சேரப் போதுமானதாக இருந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒன்பது லட்சம் ரூபாய் வைப்பு ரசீதை என் மேசையில் விரித்தார்.

"உங்க அம்மா பணமும் இங்கதானே இருக்கு, தம்பி?"

"ஆமாங்கம்மா" என்றேன். அவர் ரசீதைப் பழையபடி மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிரவு அம்மாவின் இரண்டு வைப்புகளில் ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்து, பொதுத்துறை வங்கி ஒன்றுக்கு மாற்றினேன்.

சொன்ன நேரத்தில் அது உண்மைதான். வங்கி மூழ்கினாலும் வைப்புதாரருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்லியிருந்தால், மீதி நான்கு லட்சம் என்னவாகும் என்ற கேள்வி வரிசையின் கடைசிவரை போயிருக்கும். வாங்கிய வைப்பையெல்லாம் நீண்ட காலக் கடனாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எந்த வங்கியும், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் தர முடியாது. மைய வங்கியின் அவசரக் கடன் என்ற ஏற்பாடே அதற்காகத்தான் இருக்கிறது. கிளை மேலாளராக நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

பிறகு நடந்ததும் என் பக்கமே நின்றது. பாரத ஸ்டேட் வங்கி முன்னின்று மற்ற வங்கிகளோடு முதலீடு செய்ய, மார்ச் 18 மாலை யெஸ் வங்கியின் தடை விலகியது. வைப்புதாரர் யாரும் பணத்தை இழக்கவில்லை. 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களில் போட்டவர்கள்தான் அடிபட்டார்கள். ஆனால் மார்ச் 6 அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அதற்கு ஆறு மாதம் முன்பு, மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் முதலில் வெறும் 1,000 ரூபாய்தான் எடுக்கவிட்டார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் "ஆமாங்கம்மா" என்றேன்.

தலைமையாசிரியையின் வைப்பு வட்டியோடு முதிர்ந்தது. அம்மாவுக்குத்தான் நஷ்டம்: முன்கூட்டியே முடித்ததற்கான பிடித்தம், புதிய இடத்தில் குறைந்த வட்டி. நன்றாக இருந்த பணத்தை எதற்காக மாற்றினாய் என்று இன்னும் கேட்கிறார். ஏதோ கணக்குக்காக என்று மழுப்பி வைத்திருக்கிறேன்.