காசிமேட்டிலிருந்து 113 கிலோமீட்டர்

1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் கடக்க வேண்டிய நெடுந்தூர டிரையத்லானை, முதல் முறையாக, கடந்த ஞாயிறன்று 8 மணி நேரம் 11 நிமிடத்தில் முடித்தேன்.

காசிமேட்டில் பிறந்தவனுக்குக் கடல் புதிதல்ல என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அலையில் குதித்து விளையாடுவது வேறு, மிதவையைக் குறிவைத்து நேராக நீந்துவது வேறு. பயிற்சிக் காலத்தில், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே (அந்த வரிசை விடியற்காலை 4 மணிக்கும் ஓய்வதில்லை) சைக்கிள் மிதித்தபோது சரளைக்கல்லில் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பில் விரிசல் கண்டு, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் கிடந்தேன். போட்டியன்று 62ஆவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பஞ்சரானது; வியர்வையில் வழுக்கிய விரல்களால் ட்யூபை மாற்ற 19 நிமிடம் பிடித்தது. ஓட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கடைசி 5 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தே கடந்தேன்.

ஊர் திரும்பியதும் அம்மா பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை வலி போச்சா?" என்று மட்டும் கேட்டார்.