படிவம் 8850-உம் நான் கோட்டைவிட்ட 28 நாளும்

அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் எனக்கு ஒரு சின்னக் கிடங்கு இருக்கிறது. இந்திய மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் தொழில். சுற்றிலும் ராணுவத் தளங்கள் உள்ள ஊர் என்பதால், ஆள் தேவை என்று போட்டால் முன்னாள் ராணுவத்தார் யாராவது கட்டாயம் வருவார்கள்.

2022 கடைசியில் அப்படி ஒருவரை எடுத்தேன். அதற்கு முன் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தவர். மார்ச்சில் வரிக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் என் கணக்காளர் "அவருக்கு 8850 போட்டீங்களா?" என்று கேட்டார். அப்படியொன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

8850 என்பது டபிள்யூ.ஓ.டி.சி. (Work Opportunity Tax Credit) என்ற அமெரிக்க வரிச் சலுகைக்கான படிவம். முன்னாள் ராணுவத்தாரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு வரியில் தள்ளுபடி. ஆறு மாதமாவது வேலையின்றி இருந்தவர் என்றால், முதல் வருடச் சம்பளத்தில் 14,000 டாலர் வரை கணக்கில் எடுத்து அதில் 40 சதவீதம், அதாவது 5,600 டாலர். ராணுவப் பணியால் ஊனமுற்றவர், அதோடு ஆறு மாதம் வேலையும் இல்லை என்றால் 9,600 வரை போகும்.

ஆனால் 8850-இன் முதல் பக்கத்தை வேலை தருகிறேன் என்று சொல்லும் நாளுக்குள் அவர் நிரப்பியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த 28 நாளுக்குள் அது மாநில வேலைவாய்ப்புத் துறைக்குப் போய்விட வேண்டும். பழைய தேதியைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று வாய்விட்டே கேட்டேன். பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுத்தான் அதில் கையெழுத்தே என்று கணக்காளர் காட்டினார். சரி, 5,600 போயிற்று.

அடுத்த வருடம் இன்னொருவர் வந்தார். இந்த முறை விண்ணப்பத்தோடே 8850-ஐயும் நீட்டினேன். அதில்தான் எனக்குக் கூச்சம். பாலைவனத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவரிடம், எத்தனை வாரம் சும்மா இருந்தாய் என்று கட்டம் போட்டுக் கேட்கிறது அந்தத் தாள். "இதில் எனக்கு என்ன கிடைக்கும்?" என்றார். ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வேலையில்லாமல் இருந்தது ஏழு வாரம்.

அப்புறம் 9061 என்ற இன்னொரு படிவத்தையும் சேர்த்து, பத்தாம் நாளே அனுப்பினேன். ராணுவத்திலிருந்து விடுபட்டதற்கான சான்றான டிடி-214-இன் நகலை வைக்க மறந்தது என் தப்பு. அதைக் கேட்டுக் கடிதம் வந்த பிறகு கொடுத்தேன். அவர் இந்தச் சலுகைக்குத் தகுதியானவர் என்ற சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆயின.

சான்றிதழோடு முடிவதில்லை. முதல் வருடத்தில் அவர் 400 மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால்தான் 40 சதவீதம். 120-க்கு மேல் 400-க்குள் என்றால் 25 சதவீதம், 120-க்கும் கீழே என்றால் எதுவும் இல்லை. ஆறு மாதம் ஆகாததால் ஏழு வாரக்காரருக்குச் சம்பள வரம்பு 6,000 டாலர்தான், ஆக 2,400. அதைப் படிவம் 5884-இல் காட்டியபோது, சம்பளச் செலவாகக் கழிப்பதில் அதே 2,400-ஐக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் கணக்காளர். கையில் நின்றது நான் கனவு கண்டதைவிடக் கொஞ்சம் கம்மி.

2025 டிசம்பர் 31 வரை சேர்ந்தவர்களுக்கு என்றுதான் அந்தச் சட்டத்தில் இருந்தது. அதனால் பழைய ஞாபகத்தில் படிவத்தை நீட்டாமல், நீட்டிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஏழு வாரக்காரர் பதினொரு மாதம் என்னிடம் இருந்துவிட்டுத் தபால் துறைக்குப் போய்விட்டார்.