நாலாவது தடவைதான் பிழைத்தது

மனிதச் சிறுகுடல் பயாப்சியிலிருந்து (வெட்டியெடுத்த சிறு திசுத்துண்டு) ஆர்கனாய்டு, அதாவது ஆய்வகத் தட்டில் வளரும் குட்டிக் குடல், வளர்க்க நான்கு முறை முயன்றேன். முதல் மூன்றும் இரண்டே நாளில் கருத்துப்போய் குப்பைக்குப் போயின.

திசுவைக் கால்சியத்தைப் பிடித்திழுக்கும் இடிடிஏ கரைசலில் ஊறவைத்துக் குலுக்கினால் எபிதீலியம் (குடலின் உள்பக்கச் செல்வரிசை) தன் அடித்தளச் சவ்வை விட்டுக் கழன்று வரும். நுண்ணோக்கியில் கிரிப்ட்கள் (குடல்சுவரின் குழிகள்) வெட்டிப் போட்ட கையுறை விரல்கள் மாதிரி மிதக்கும். பார்க்க அழகுதான். ஆனால் செல்லின் கைபோன்ற இன்டெக்ரின் புரதம் பிடித்துக்கொள்ள, சவ்விலுள்ள லேமினின் புரதம் இல்லாமல் போனதும் செல்லின் சாவு தொடங்கிவிடுகிறது. இதற்கு அனாய்கிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் வீடற்ற நிலை என்று பொருளாம். பொருத்தமான பெயர்.

அந்த வீட்டைத் திருப்பித் தருவதுதான் மேட்ரிஜெல் என்ற கூழ். சுண்டெலியின் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து எடுப்பது. பெரும்பங்கு லேமினினின் ஒரு வகையான லேமினின்-111, அடுத்து நான்காம் வகைக் கொலாஜன். ஐஸில் இருக்கும்வரை பாகு, சூடு ஏறினால் கட்டி. நான் டியூபை மேசையில் வைத்துவிட்டு பைப்பெட்டின் நுனியில் மாட்டும் டிப் தேடிக்கொண்டிருந்தேன். பைப்பெட்டுக்குள்ளேயே உறைந்துவிட்டது.

"பசைன்னு நினைச்சியா?" என்றார் சீனியர் அக்கா. "டிப்பை ஃப்ரீசர்ல போடு, பிளேட்டை முந்தின ராத்திரியே இன்குபேட்டர்ல வை. இந்த இரண்டையும் மாத்திக் குழப்பிக்காதே." நான் குழப்பியதே அதைத்தான்.

நான்காம் முறை 50 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக இட்டு, உடனே பிளேட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் கால் மணி நேரம். கவிழ்க்காவிட்டால் கிரிப்ட்கள் அடியில் இறங்கி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வின்ட், ஆர்-ஸ்பான்டின், நாகின், இஜிஎஃப் ஆகிய வளர்ச்சிப் புரதங்கள் கலந்த மீடியம். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் செல் சாவைத் தடுக்கும் ஒய்-27632 மருந்து. மறுநாள் காலையில் வெட்டுப்பட்ட வாய்கள் மூடி, சின்னச் சின்ன உருண்டைகள்!

பிறகு அதே திசுவை உறையவைத்துச் சீவிய மெல்லிய சீவலில், லேமினினின் ஆல்ஃபா-2 சங்கிலியில் ஒட்டிப் பச்சையாக ஒளிர்ந்து காட்டும் ஆன்டிபாடி போட்டுப் பார்த்தேன். கிரிப்டின் அடியில் மட்டும் கிண்ணம்போல் பச்சை. வில்லஸ் (குடலின் விரல்போன்ற மேடு) பக்கம் இருட்டு. அங்கே இருப்பவை லேமினினின் 511, 332 வகைகள். குடல் மாடிக்கு மாடி தரையை மாற்றிப் போட்டிருக்கிறது, நானோ எல்லாச் செல்லுக்கும் ஒரே பாயை விரித்திருக்கிறேன். வில்லஸ் செல்கள் வேண்டுமென்று இப்போது வின்ட்டைக் குறைத்துப் பார்க்கிறேன். கூடவே பிளேட்டின் ஒரு குழியில் லேமினின்-511 பூசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும்.