கார் ஸ்டீரியோ மாற்றுகிறீர்களா? கதவிலிருந்து ஆரம்பியுங்கள்

"சவுண்டு சரியில்லை" என்று ஆக்சசரீஸ் கடையில் போய் நின்றால் முதலில் நீட்டுவது ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு பிளேயர். அடுத்தது டிக்கியில் பாதியை அடைக்கும் சப்வூஃபர், அதாவது பேஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர். இரண்டையும் வாங்கிப் போட்ட பிறகும் பாடுகிற குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். ஸ்விஃப்ட் மாதிரியான ஹேட்ச்பேக்கில் குறை பெரும்பாலும் டேஷ்போர்டில் இல்லை, முன் கதவில் இருக்கிறது. பட்ஜெட் எவ்வளவாக இருந்தாலும் முதல் காசு அங்கே போகட்டும்.

கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும்: மெல்லிய காகிதக் கோன், பிளாஸ்டிக் கூடு, முதுகில் பேருக்கு ஒரு காந்தம். புதிது வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் "350 வாட்ஸ்" ஒன்றுக்கும் உதவாது. பார்க்க வேண்டியது இரண்டுதான்: ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து தாங்குகிற நிஜ வாட்ஸ்), சென்சிடிவிட்டி (ஒரு வாட்ஸுக்கு எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பது). பிளேயரிலும் இதே கூத்துதான்: "நாலு சேனல், சேனலுக்கு 50 வாட்ஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது கிடைப்பதே 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சுத்தமாகக் கொடுக்க முடிவது கணக்குப்படியே 26 வாட்ஸ். நடைமுறையில் 15 முதல் 20. சத்தம் 3 டெசிபல் ஏற வேண்டுமென்றால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவே ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபையர்) வைக்காமல் பிளேயரிலேயே ஓட்டப் போகிறவர்கள் சென்சிடிவிட்டி 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து எடுங்கள். 86 டெசிபல் போட்டிருக்கும் விலை உயர்ந்த காம்பொனென்ட் செட் (வூஃபரும், கூர்மையான ஒலிக்கான ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), ஆம்ப் இல்லாமல் தூங்கும்.

இனி கதவு. டோர் பேடைப் பிரித்ததும் உள்ளே ஒரு பாலித்தீன் ஷீட் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதை அலட்சியமாகக் கிழித்துவிட்டு அப்படியே மூடுகிற கடைகள் உண்டு. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். அது போனால் அடுத்த மழையில் கால் மேட் நனையும். பொறுமையாக உரித்து, பழையபடி ஒட்டுங்கள். ஷீட்டை எடுத்த நிலையில் வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், தகர டப்பா மாதிரி "டொங்" என்று அதிரும். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ரோலர் வைத்து அழுத்தி ஒட்டிய பிறகு அதே இடத்தில் "தொப்" என்று அடங்கும். தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் கட்டாயம் இருக்க வேண்டும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், துருப் பிடித்துவிடும்.

ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரிங் வேண்டும். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) ரிங் விலை மலிவு, ஆனால் ஈரம் குடித்து ஊதிவிடும். பிளாஸ்டிக் ரிங் போதும். ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிப் பாருங்கள். பெரிய காந்தம் கண்ணாடியில் இடிப்பது அடிக்கடி நடக்கிற விபத்து. ரிங்கைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டாமல் விட்டால் கோனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும், பேஸ் கேட்காது. இடது, வலது இரண்டில் ஒன்றில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப் போனாலும் இதே கதிதான். சந்தேகமாக இருந்தால் பிளேயர் கப்ளரை (வயர்கள் சேரும் பிளக்) கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் செல் ஒன்றை வூஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

வண்டியில் ஏற்கெனவே ட்வீட்டர் இருந்தால் அது பெரும்பாலும் முன் ஸ்பீக்கர் லைனிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். காம்பொனென்ட் செட் போட்டும் அதைக் கழற்றாமல் விட்டால் "ஸ்" வரும் இடமெல்லாம் காதைக் குத்தும். எல்லாம் முடிந்ததும் பிளேயரில் ஹை பாஸ் (அதற்குக் கீழான பேஸை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். கதவு உறுமுவது அப்போதே பாதி நிற்கும்.

பிளேயரும் மாற்றியே ஆக வேண்டுமா? வண்டிக்கேற்ற கப்ளர் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். புது பிளேயரில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட்டிங் அழிந்துபோகும். இரண்டையும் நேர் பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் கம்பெனி கப்ளரிலேயே இந்த இரண்டும் மாறி இருக்கும், ஆண்டெனாவுக்கும் பவர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். அதை விட்டுவிட்டு "புது பிளேயரில் எஃப்எம் இழுக்கவில்லை" என்று பிளேயரைத் திட்டுவார்கள். கம்பெனி டச் ஸ்கிரீனிலேயே கேமராவும் ஏசியும் இருந்தால் அதைத் தொடாமல், ஹை லெவல் இன்புட் உள்ள (ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும்) ஆம்ப் வாங்குவதே நல்லது.

சேனலுக்கு 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் நாலு சேனல் கிளாஸ் டி (கரண்ட் குறைவாக இழுக்கும் வகை) ஆம்புக்கு 8 கேஜ் வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். வயர் நிஜச் செம்பா என்று பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் போட்டால், வழியில் வயர் தேய்ந்து பாடியில் பட்டு எரியும்போது அந்த ஃபியூஸுக்கு வேலையே இல்லை. பாடி எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிய வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள்.

ஆம்பில் இருக்கும் கெய்னை (பிளேயர் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு) வால்யூம் மாதிரி முறுக்குவதால்தான் ட்வீட்டர்கள் எரிகின்றன. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரை ஜீரோவில் வைத்து, 400 ஹெர்ட்ஸ் டோனை முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். மலிவான மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. 60 வாட்ஸை 4 ஓமால் பெருக்கினால் 240, அதன் வர்க்கமூலம் 15.5. ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை வைத்து, கெய்னை மெதுவாக ஏற்றி, ஏசி வோல்ட் 15.5 வந்ததும் விட்டுவிடுங்கள்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "உய்ங்" என்று ஏறினால், ஆம்பை அணைத்து ஆர்சிஏ கேபிளை (பிளேயரிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோவது) பிடுங்கிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்து கேளுங்கள். அப்போதும் கேட்டால் ஆம்ப் எர்த் சரியில்லை. நின்றுபோனால் பிளேயர் எர்த்தைப் பாருங்கள், அல்லது பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாக ஓடுகின்றன.