கல்லுக் கிடக்கும் கரை: ஒரு கடல் நாட்குறிப்பு

ஏப்ரல் 19, சனி. கல்லடி, மட்டக்களப்பு

வாடைக் கடல் அடங்கிவிட்டது. மார்கழியில் வீதி வரை சத்தம் கேட்ட அலை இப்போது கரையில் சும்மா சுருண்டு விழுகிறது. இனி செப்டெம்பர் வரை நம் பக்கக் கடலுக்கு நல்ல காலம்.

இந்த வருடம் ஒரு தீர்மானம். போட் பிடிக்காமல், டிக்கட் வாங்காமல், கரையிலிருந்து நடந்து இறங்கி மாஸ்க்கும் குழாயுமாக முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கக்கூடிய இடங்களைத் தேடுவது. திருகோணமலைப் புறாத்தீவு அருமையான இடம்தான். ஆனால் நினைத்த நேரத்தில் போய் இறங்கிவிட முடியாது.

வீட்டுக்கு முன்னாலிருக்கும் கல்லடிக் கடலை முதலிலேயே கழித்துவிடலாம். கரை சட்டென்று சரிகிறது, அலை காலடியிலேயே உடைகிறது, அது கிளப்பும் மணலில் சொந்தக் கை தெரியாது. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் இன்னும் மோசம். 1913-இல் கட்டிய அந்த வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால், முகத்துவாரத்தால் வெளியேறும் வாவித் தண்ணீர் கடலுக்குள் கலங்கலாகப் பரவுவது தெரியும். முருகைக்கல்லுக்கு வெளிச்சமும் வேண்டும், உப்பும் வேண்டும். அங்கே இரண்டுக்கும் தட்டுப்பாடு.

ஏப்ரல் 27, ஞாயிறு. வீடு

நாள் முழுக்கப் போனில் செய்மதி வரைபடம். கரையோரம் கருமையாகத் தெரிகிற திட்டுகளைக் குறித்துக்கொண்டேன். கருமை எல்லாம் கல் ஆகாது, கடற்புல்லும் அப்படித்தான் தெரியும். கரையிலிருந்து தள்ளி வெள்ளைக் கோடாக நுரை தெரிந்து, அதற்கு உள்பக்கம் கடல் தட்டையாக இருந்தால் வெளியே கல் அலையை உடைக்கிறது என்று நம்பலாம். ஆற்றுவாய், களப்பு வாய் எல்லாவற்றிலிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். இப்படி வடிகட்டினால் எஞ்சுவது வாழைச்சேனைக்கு அப்பால்தான்: பாசிக்குடா, கல்குடா, காயன்கேணி, வாகரைப் பக்கம்.

மே 3, சனி. பாசிக்குடா

விடியற்காலையில் மச்சானின் மோட்டார்சைக்கிளில் கிளம்பினோம். ஏழு மணிக்குள் தண்ணீரில்.

பாசிக்குடாவின் புகழே அதன் ஆழமின்மைதான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே போகலாம். பிள்ளைகளுக்குச் சொர்க்கம். மாஸ்க் போட்டவனுக்கோ அவ்வளவு தூரமும் வெறும் மணல். வெளியே குடாவின் வாயை நெருங்கினால்தான் கல் வருகிறது, அதிலும் பெரும்பகுதி செத்த கல், மேலே பாசி. கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளுத்தது இலங்கைக் கரைகளில் 1998-இலும் நடந்தது, 2016-இலும் நடந்தது. கல்லுக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு கொடுக்கிற நுண்பாசியை, வெப்பம் தாங்காமல் கல்லே வெளியே தள்ளிவிடுகிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும், வாரக்கணக்கில் நீடித்தால் போய்விடும். கிளை விடுகிற சாதி வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவு வளரக்கூடியது, உருண்டைக் கல் 1 சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. என் தலையளவு உருண்டை ஒன்று உயிரோடு இருந்தது. அதற்கு என்னைவிட வயது குறைவுதான் என்றாலும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஓரா மீன் கூட்டம் ஒன்று, கல்லைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கிற கிளிமீன்கள். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

மே 12, திங்கள். பாசிக்குடா

வெசாக் விடுமுறை. சனக்கூட்டம். தண்ணீர் தேத்தண்ணி நிறம். திரும்பிவிட்டோம்.

மே 25, ஞாயிறு. காயன்கேணி

திருகோணமலை வீதியில் மாங்கேணிப் பக்கம், பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால் கடல் பக்கம் திரும்ப வேண்டும். இன்று இறங்கவில்லை, கரையில் நடந்ததோடு சரி. அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஓரிடத்தில் கால் வைக்க முடியாத அளவுக்கு உடைந்த முருகைக்கல் துண்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. கொஞ்சத் தூரம் தள்ளிச் சுத்த மணல்.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் கேட்டேன். நான் கேட்டது மீன் எங்கே, கல் எங்கே என்று. அவர் சொன்ன பதில் வேறு மாதிரி:

"கரவலை இழுக்கிற இடத்துல கல்லு இருக்குமா தம்பி? இஞ்ச இருந்து அந்தத் தென்னை மட்டும் பாடு. அங்கால வலை போட ஏலா. போட்டா கிழியும், மறுகா ஆரு தைக்கிற?"

வரைபடத்தில் நாள் முழுக்கத் தேடினதைவிட இது பெறுமதி. கரைவலை, தோணியில் கொண்டுபோய்க் கடலில் விரித்துக் கரையில் நின்று இழுக்கிற வலை. அதன் பாடு என்பது தலைமுறையாக இழுத்து இழுத்துச் சோதித்த இடம். அடியில் ஒரு கல் இருந்தாலும் வலையின் மடி கிழியும் என்பதால் பாடு உள்ள இடம் எல்லாம் சுத்த மணல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்படியென்றால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் காரணமில்லாமல் விட்டுப்போன துண்டுக் கரையைத்தான் தேட வேண்டும். தோணியும் இல்லை, வடமும் இல்லை, மீனவர் குடிசையான வாடியும் இல்லை என்றால் அங்கே கீழே ஏதோ கிடக்கிறது.

எங்கே இறங்குவது என்பதையும் ஐயாவே காட்டினார். கற்களுக்கு நடுவே வெளிர் நீலமாக ஒரு மணல் வாய்க்கால். அதால் போனால் கல்லை மிதிக்க வேண்டியதில்லை. கடல் கொஞ்சம் பெரிதாக இருக்கும் நாளில் உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அதே வாய்க்காலால்தான் வெளியே இழுக்கும், அன்றைக்கு இறங்காதே என்றும் சொன்னார்.

யூன் 14, சனி. காயன்கேணி

இதுதான் இடம்.

கடல் தட்டை. மணல் வாய்க்காலால் நீந்திப் போனதும் இரண்டு பக்கமும் கல் எழும்பியது. மேசை போல் விரிந்தவை, மான்கொம்பு மாதிரிக் கிளைத்தவை, நடுவில் செத்த திட்டுகளும் உண்டு. கடற்சாமந்திக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து சண்டைக்கு நின்றது. என் சுண்டுவிரல் நீளம் இருக்குமோ என்னவோ. ஒரு கல்லில் பழைய நைலோன் வலைத் துண்டு சுற்றிக் கிடந்தது. இழுத்தால் கிளை முறியும் போலிருந்ததால் தொங்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன்.

காயன்கேணி 2019-இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கல், சிப்பி எதையும் எடுக்கக் கூடாது, மிதித்து நிற்கவும் கூடாது. களைத்தால் மல்லாந்து மிதக்கலாம். சன் கிரீமுக்குப் பதில் நீளக்கை ஜேர்சி போடுவது நல்லது. முதுகும் தப்பும், கல்லும் தப்பும்.

நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் கல்லுக்கு மேலே முழங்காலளவுத் தண்ணீர்தான் உள்ள இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது. நன்றாக வற்றிய நேரம் வயிறு உரசும்.

யூலை 24, வியாழன். திருக்கோவில்

ஆடி அமாவாசைத் தீர்த்தம். அப்பாவுக்காக வருடா வருடம் வருவது. அம்பாறைக் கரையில் இருக்கும்போது கண் சும்மா இருக்குமா? கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று பஸ்ஸில் வந்த வழி முழுக்க நேர்கோட்டு மணல், திறந்த கடல், கரைவலை. இன்னும் தெற்கே அறுகம்குடாவில் கல் முனை உண்டு. ஆனால் இந்த மாதங்களில் தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைதான் அதன் பிழைப்பே. அலைச்சறுக்குக்காரன் கும்பிடுகிற அலையை மாஸ்க்காரன் திட்டத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி. கல்குடா

கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. கல்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் இடைப்பட்ட முனையில் இறங்கினோம். பாசிக்குடாவைவிடக் கல்லும் அதிகம், ஆளும் குறைவு.

கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதனால் கரையோரம் குளம் போல் கிடக்கும். அதுதான் ஆபத்தும். முகத்தைக் கீழே வைத்து மிதந்துகொண்டிருந்தால் காற்று மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு போவது தெரியவே தெரியாது. கரையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்து, சில நிமிடத்துக்கொருதரம் தலை தூக்கிப் பார்க்க வேண்டும். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது காற்றோடு வருவது என்பதெல்லாம் இங்கே முடியாது, எதிர்ப் பக்கம் கரைதான். ஆகவே தூரம் போகாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்துவதே சரி. தனியாகப் போவதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். மதியம் திரும்பியதும் கடற்காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிட்டது.

செப்டெம்பர் 20, சனி. வீடு

சொறிமுட்டை (ஜெல்லிமீன்) அதிகம் என்று வாகரையிலிருந்து தகவல். போகவில்லை. தங்கச்சியின் மகன் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கக் கூட்டிப் போகச் சொல்லி அடம். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கே கடினம். முதலில் இடுப்பளவில் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல் ஊதி வெளியேற்றப் பழகு என்று பாசிக்குடாவைக் காட்டி ஒப்பந்தம் பேசியிருக்கிறேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு. வாகரை

மழை தொடங்கிவிட்டது. களப்புத் தண்ணீர் கடலோரம் மண்ணிறமாக நீண்டு கிடக்கிறது, உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. பாடுகளின் எல்லையை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். கதிரவெளிப் பக்கம் இரண்டு பாடுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கரை விட்டுப்போயிருக்கிறதாம். ஏப்ரலில் அங்கே. அதற்குள் மாஸ்க்குக்குப் புது ரப்பர் பட்டி வாங்க வேண்டும், பழையது வெடித்துவிட்டது.