மாயவரத்து முன்சீப்

வரப்புத் தகராறுக்காக இன்று கோர்ட்டில் மூன்று மணி நேரம். உள்ளே எல்லாம் ஆங்கிலம். பக்கத்திலிருந்த பெரியவர், "இப்ப நடக்குறது நம்ம கேஸா தம்பி?" என்றார். எனக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது வேதநாயகம் பிள்ளை நினைவு. திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதி. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை 1862இலேயே தமிழில் தந்தவர். மேலிடத்தோடு உரசல், வேலை போனது. அதற்குப் பிறகும் தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) சொந்தக் காசைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். 1879இல் வந்த அவர் நாவலில் (தமிழின் முதல் நாவல்!) ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வக்கீல்களைக் கிண்டலடித்திருப்பார் பாருங்கள், அடடா!

சரி, எனக்கு அடுத்த மாதம் மறுபடி வாய்தா.