சமுதாய வானொலியில் ஒரு வாரம் ப்ளூஸ், ஜாஸ்

பாம்பன், மண்டபம் பக்கம் ஜாஸ் வாரம் ஒலிபரப்ப நினைப்பவர்கள் முதல் இரண்டு நாளை, ஜாஸுக்கு வேரான, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு ஒதுக்குங்கள். தொடக்கம் அம்பாப் பாட்டாக இருக்கட்டும்: கரைவலை இழுக்கையில் ஒருவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடுமே, அதுதான். ப்ளூஸின் வேரும் இப்படியான வேலைப் பாட்டுகளே. ப்ளூஸின் வழக்கமான ஒரு சுற்று 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 தட்டு, மொத்தம் 48; ஆதி தாளத்தில் சரியாக 6 ஆவர்த்தனம். அறிவிப்பாளர் மைக் முன்னாலேயே தாளம் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும்.

பதிப்புரிமையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. இசைக்கு, அமைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு. 1938இல் மறைந்த ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் உயிரோடு இருந்தபோது வெளியான பாட்டுகள் இரண்டையும் தாண்டிவிட்டன. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ஒலிப்பதிவு தாண்டினாலும் அவர் அமைத்த இசை தாண்டவில்லை, மறைந்தது 1991.

பழைய இசைத்தட்டில் இரைச்சல் நீக்கியை ஏற்றாதீர்கள், ஸ்லைடு கிட்டாரில் (கம்பிமேல் குழாயைச் சறுக்கி வாசிப்பது) எழும் உரசலும் சேர்ந்து போய்விடும்.